விருப்பம் வேறு, பக்குவம் வேறு

கன்னிவாடி என்ற பெயரில் தமிழ்நாட்டில் இரண்டு பேரூராட்சிகள் இருக்கின்றன. ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பழைய பாளையப்பட்டு. மற்றது திருப்பூர் மாவட்டத்தில், தாராபுரம் பக்கத்தில் இருப்பது. 'கன்னிவாடி' என்ற சிறுகதைத் தொகுப்பை எழுதிய க.சீ. சிவகுமார் இந்த இரண்டாவது ஊர்க்காரர். மலையடிவாரத்துக் கன்னிவாடியில் ஒருவர் தம் ஊரைப் பற்றிப் புத்தகம் ஏதும் உண்டா என்று செல்பேசியில் தேடினால், பெயர் ஒன்றாக இருப்பதால் அந்தத் தொகுப்புதான் எதிரே வந்து நிற்கும். அதே ஊரை ஒட்டிச் சோமலிங்கபுரத்தில் மெய்கண்ட சித்தர் குகை இருக்கிறது. அவரைத் தேடினால் அவரை விட்டுவிட்டு, சிவஞானபோதம் செய்த திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்ட தேவரும் அவருடைய உரையாசிரியர்களும் வரிசைகட்டி வருவார்கள். இவை பெயர்க் குழப்பங்கள். விவரம் தெரிந்த நூலகர் ஒருவர் உட்கார்ந்தால் தீர்த்துவிடுவார். (ஊர் தேடிப் போனவருக்கு அடுத்த மாவட்டத்து நல்ல கதைகள் கிடைத்தால் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நூலகரால் தீர்க்க முடியாத குழப்பம் வேறொன்று இருக்கிறது. புத்தகத்தைக் கண்டடையவும் அதைப் பற்றிப் பேசவும் செயலி செய்பவர்கள், திரையில் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று யோசிக்கும் முன்பே ஒரு தத்துவக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறார்கள். சொல்லிவிட்டோம் என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரிவதில்லை. வாசகர் என்பவர் யார் என்பதுதான் அந்தக் கேள்வி.

இன்றைய செயலிகள் அதற்குச் சொல்லும் விடை எளிமையானது: வாசகர் என்பவர் அவருடைய பழைய விருப்பங்களின் கூட்டுத்தொகை. உங்களுக்கும் இன்னொருவருக்கும் பத்துப் புத்தகங்கள் பொதுவாகப் பிடித்திருந்தால், அவருக்குப் பிடித்த பதினொன்றாவதை உங்களிடம் நீட்டலாம் என்பது அடிப்படைக் கணக்கு. ஆட்களை ஆட்களோடு ஒப்பிடுவதைவிடப் பொருளைப் பொருளோடு ஒப்பிட்டால் வேகமாக நடக்கும் என்று அமேசானின் பொறியாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் பேர்பெற்றது. இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள் என்று திரையில் வரும் வாசகத்துக்குப் பின்னால் இருப்பது இந்த வகைக் கணக்குதான். 2007இல் தொடங்கிய குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளம் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடும் பழக்கத்தை வாசகர்களிடையே பரப்பியது. 2013இல் அதையும் அமேசான் வாங்கிக்கொண்டது. இந்தக் கணக்குக்கு ஒரு நோய் உண்டு. யாரும் மதிப்பிடாத புத்தகம் அதன் கண்ணுக்கே படாது. தமிழில் மதிப்பீடுகள் குறைவு. எனவே ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த 'பொன்னியின் செல்வன்' மறுபடி மறுபடி மேலே வரும், மற்றவை அடியில் கிடக்கும். ஆனால் இது தரவு பெருகினால் குறையக்கூடிய குறை. தரவு எவ்வளவு பெருகினாலும் குறையாத குறை ஒன்று அந்த விடையிலேயே இருக்கிறது.

மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்லும் ஒரு கருத்து இங்கே நேராகப் பொருந்தும். உயிர் தனக்கென்று நிலைத்த ஒரு நிறம் உடையதன்று. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்பது அந்தக் கருத்து. பளிங்கைச் சொல்லி இதை விளக்குவது சித்தாந்த நூல்களின் வழக்கம். இதை மத நம்பிக்கையாக ஏற்க வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. வாசிப்பவர்களைப் பற்றிய அவதானமாக எடுத்துக்கொண்டாலே போதும். பத்தாண்டு துப்பறியும் கதைகளையே படித்தவரும் பத்தாண்டு தல புராணங்களையே படித்தவரும் அந்தந்தப் புத்தகங்களின் வண்ணத்தில் வேறு வேறு ஆட்களாக ஆகியிருப்பார்கள். இது உண்மையானால், என் விருப்பத்தை அளந்து அதற்கேற்பப் புத்தகம் தருகிறேன் என்று செயலி சொல்வது பாதி உண்மைதான். அது தருகிற புத்தகமே என் அடுத்த விருப்பத்தைச் செய்கிறது. செய்த விருப்பத்தை மறுபடி அளந்து, பார், சரியாகத்தானே கணித்தோம் என்று அது மகிழ்ந்துகொள்கிறது. சித்தாந்திகள் வினையைப் பற்றிச் சொல்லும் வாதமும் இங்கே உதவும். வினை அறிவற்றது, தானாக வந்து உயிரைச் சேராது, செய்த வினையின் பயனை உயிரிடம் கூட்டிவைக்க அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பார்கள். என் பழைய வாசிப்புக் குறிப்புகளும் அறிவற்றவைதான். அவை தாமாக வந்து என்னிடம் எந்தப் புத்தகத்தையும் நீட்டுவதில்லை. கூட்டிவைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். சித்தாந்தத்தில் கூட்டிவைப்பவனுக்கு நோக்கம் உயிரின் விடுதலை. செயலியில் கூட்டிவைக்கும் நிறுவனத்துக்கு நோக்கம், நான் திரையை விட்டு எழுந்து போகாமல் இருப்பது.

இதற்குச் சான்றாகத் தமிழில் உ.வே. சாமிநாதையரின் கதையைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். திருவாவடுதுறை ஆதீனத்து நிழலில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த சைவர். அந்த ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று அடுக்கினார். கேட்டவர் வியக்கவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்ற பொருளில் பேசிவிட்டு, இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று அவர் சொன்னவற்றை இவர் படித்ததில்லை. பிறகு முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். 1887இல் அது சாமிநாதையரின் பதிப்பாக அச்சாகி வந்தது. 'என் சரித்திரம்' படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை இது. இன்றைய செயலி ஒன்றை 1880இல் சாமிநாதையர் கையில் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அவர் அடுக்கிய பட்டியலை அது வாங்கிக்கொண்டு, இன்னும் ஐம்பது அந்தாதியும் எழுபது பிள்ளைத்தமிழும் காட்டியிருக்கும். அவை கெட்ட நூல்கள் அல்ல. சில மிக நல்லவை. அவருடைய விருப்பத்தைப் பொறுத்தவரை செயலி கணித்தது நூற்றுக்கு நூறு சரியாகவும் இருந்திருக்கும். சிந்தாமணி மட்டும் வந்திருக்காது. அவரைப் போன்ற சைவ மடத்து வித்துவான்களில் அதைப் படித்தவர்கள் அரிது. ஒத்தவர்களின் விருப்பத்தைக் கூட்டிப் பார்த்தால் விடை பூஜ்யம்தான்.

பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போயிருக்கலாம். சேக்கிழார் வரலாறு சொல்லும் நூல்படி, சோழ அரசன் சீவக சிந்தாமணியில் மனம் தோய்ந்து கிடந்தான். அது சமணர் நூல், பொய்ந்நூல் என்று அமைச்சரான சேக்கிழார் இடித்துரைத்தார். அதிலிருந்து பெரியபுராணம் பிறந்தது. ஆக, சைவ வாசகர் படிக்கக் கூடாத புத்தகம் என்று சைவ மரபே பெயர் குறித்துச் சொன்னது சிந்தாமணியை. அதைச் சைவர் ஒருவர் அச்சில் ஏற்றினார். ஏற்றுவதற்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், அவர்கள் சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1898இல் மணிமேகலை வந்தபோது, பௌத்தம் பற்றிய செய்திகளை மளூர் ரங்காசாரியார் என்ற வைணவப் பேராசிரியர் விளக்கித் தந்தார். சைவர் ஒருவருக்கு வைணவர் ஒருவர் பௌத்தம் சொல்லிக்கொடுத்த காட்சி தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் உண்டு. எந்த ஒப்புமைக் கணக்கும் இந்தச் சைவரையும் சமணர்களையும் வைணவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்காது. சேக்கிழார் கதையிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. அவர் சிந்தாமணிச் சுவடியைக் கொளுத்தச் சொன்னதாகக் கதை இல்லை. தமக்குப் பிடிக்காத புத்தகத்துக்கு எதிராக இன்னொரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

இராமசுவாமி முதலியார் செய்ததைப் பரிந்துரை என்று சொன்னால் சின்னதாகிவிடும். அவர் முதலில் பட்டியலைக் கேட்டார். பிறகு அதை மதிக்க மறுத்தார். மறுத்ததற்குக் காரணம் சொன்னார். கடைசியில் தம் கையிலிருந்த பிரதியைக் கொடுத்தார். பொறுப்பு முழுவதும் அவருடையது. சாமிநாதையருக்கு அன்று உண்டான கூச்சத்துக்கும் பிறகு உண்டான தமிழுக்கும் அந்த மனிதர் நேரடியாகப் பதில் சொல்லக்கூடியவராக இருந்தார். செயலியின் பரிந்துரைக்குப் பின்னால் அப்படிப் பதில் சொல்ல யாரும் இல்லை. ஏன் இந்தப் புத்தகம் என்று கேட்டால், உங்களைப் போன்றவர்கள் படித்தார்கள் என்பதற்கு மேல் அதனிடம் சொல்ல எதுவும் இல்லை. அதைக் காரணம் என்று ஏற்பதற்கில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்ற நடப்பை அது தெரிவிக்கிறது, அவ்வளவே.

இந்த இடத்தில் நன்னூல் பாயிரத்தை எடுத்துப் பார்ப்பது வீண் வேலை ஆகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் என்ற சமணர் எழுதி, சைவ மடங்கள் இன்றுவரை பாடம் சொல்லும் நூல் அது. ஒரு நூலின் முகப்பில் என்னென்ன தெரிவிக்கப்பட வேண்டும் என்று அது வரையறுக்கிறது. ஆக்கியவர் பெயர், எந்த நூலின் வழி வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, நூலின் பெயர், கட்டமைப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு. செயலியில் ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் திறந்தால் ஆசிரியர், தலைப்பு, பொருள், பக்க எண்ணிக்கை கிடைத்துவிடும். வழி கிடைக்காது: இது யாருடைய வாதத்தின் தொடர்ச்சி, எதற்கு மறுமொழி என்று தெரியாது. கேட்போரும் கிடைக்காது: இதை யார் படிக்கலாம், இதற்கு முன்னால் எதைப் படித்திருக்க வேண்டும் என்று தெரியாது. கேட்போர் என்ற அந்த ஒரு கட்டம் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழனி மலைப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பழனிச் சித்தர் போகர் பெயரால் வழங்கும் 'போகர் ஏழாயிரம்' அச்சில் கிடைக்கிறது. சித்தர் நூல்கள் பரிபாஷையில் எழுதப்பட்டவை. மூலிகைக்கும் தாதுக்கும் சொல்லும் பெயர் ஒன்று, குறிக்கும் பொருள் வேறொன்றாக இருக்கும். பாதரசமும் பாடாணமும் சேரும் முறைகள் அதில் வரும். குருவிடம் கேட்டுச் செய் என்று அந்த நூல்களே எச்சரிக்கும். சர்க்கரை நோய் பற்றி இரண்டு புத்தகம் வாங்கியவருக்கு மூன்றாவதாக அதைக் காட்டும் கணக்கில் தவறு இல்லை; அப்படி வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கணக்கு சரியாக இருந்தும் செய்தது தவறு.

புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்ற மறுபாதிக்கு வருவோம். நட்சத்திரத்தில் எனக்குள்ள குறை, அது ஒரே ஒரு திசையில்தான் ஏறி இறங்கும் என்பது. பிடித்தது, இன்னும் பிடித்தது, மிகவும் பிடித்தது. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டிக்கு அது போதும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த சரக்கு அது. நன்னூல், ஒரு நூல் பிறர் கருத்தை எதிர்கொள்ள ஏழு வழிகள் சொல்கிறது. பிறர் சொன்னதை உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு களையலாம், தானே ஒன்றை நாட்டி நிறுவலாம், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், யாரோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்கலாம். எழுதுகிறவருக்குச் சொன்னதைப் படிக்கிறவருக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன? ஒரு புத்தகத்தை முடித்தவரிடம் செயலி கேட்க வேண்டியது இந்த ஏழில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான். மூன்றாவது நிலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு புத்தகத்தை நூறு பக்கம் நம்பிக்கொண்டு போய், அங்கே கைவிடுவது வாசிப்பில் அடிக்கடி நடப்பது. அதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவது?

சித்தாந்தத்தில் இதற்கு இன்னும் உயர்ந்த மாதிரி இருக்கிறது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பாகம் கொண்டது. பரபக்கம் முதலில் வருகிறது. அதில் உலோகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை பதினான்கு பிற மதத்தார். ஒவ்வொருவருடைய கொள்கையையும் முதலில் அவர் வாயிலாகவே சொல்லவிட்டு, பிறகுதான் மறுப்பு. தன் கொள்கையான சுபக்கம் அதற்குப் பின்னால். சைவர்களே சுபக்கத்தை மட்டும் படித்துப் பரபக்கத்தைத் தாண்டிப் போவதுண்டு என்பது வேறு கதை. அருணந்தி எழுதிய எல்லாம் நியாயமானவை என்று நான் சொல்லமாட்டேன். பௌத்தருக்கும் சமணருக்கும் தரப்பட்ட வாதங்கள் அவர்களே சொல்லியிருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும். ஆனால் மறுப்பதற்கு முன் எதிராளி சொல்வதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்ற விதியை அவர் மீறவில்லை. இந்த விதிக்கு எதிர்பாராத பலனும் உண்டு. பௌத்த காப்பியமான குண்டலகேசி முழுதாக இன்று இல்லை. அதற்கு எதிராக எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும் இருப்பதால்தான் அதன் கதையையும் வாதங்களையும் இந்த அளவுக்காவது அறிகிறோம். எதிரி சொல்லிவைத்ததால் பிழைத்த புத்தகம் அது. ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இவ்வளவுக்கும் எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகக் கடுமையானது இது: பக்குவம், தகுதி, கேட்போர் என்ற பேச்செல்லாம் யாரை வெளியே நிறுத்தப் பயன்பட்டது என்று நமக்குத் தெரியாதா? கற்கும் தகுதி ஆளுக்கு ஆள் வேறு என்னும் அதிகாரி பேதத்தின் பெயரில் வேதம் பெண்களுக்கும் சூத்திரருக்கும் மறுக்கப்பட்டது. செயலி யாருடைய குலத்தையும் கேட்பதில்லை; கேட்காமல் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுகிறது; அதைப் போய்க் குறை சொல்வதா? இந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. நான் மேலே புகழ்ந்த நன்னூலே ஆசிரியருக்கு இலக்கணம் சொல்லும்போது குலத்தை முதலில் வைக்கிறது. பூட்டு போடுவது நம் நாட்டு வழக்கம் மட்டும் இல்லை; தடைசெய்யப்பட்ட நூல்களுக்கென்று கத்தோலிக்கத் திருச்சபை ஒரு பட்டியலை 1559இல் வெளியிட்டு 1966 வரை வைத்திருந்தது. கொடைக்கானல் செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும், அங்கே படித்த குருமாணவர்களும், எழுபது ஆண்டுக்கு மேல் அந்தப் பட்டியலின் கீழ்தான் வாழ்ந்தார்கள். பூட்டுகளை உடைத்தவர்களைத்தான் நாம் கொண்டாடுகிறோம். திருக்கோஷ்டியூரில் ரகசியமாகப் பெற்ற மந்திரப் பொருளை ராமானுஜர் எல்லோரும் கேட்கச் சொன்னதாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்வது இன்றும் மேடைகளில் பேசப்படுகிறது.

என்னுடைய பதில், பூட்டையும் படியையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது. இதை நீ படிக்கக் கூடாது என்பது பூட்டு. இதைப் படிக்கும் முன் அதைப் படித்தால் இது விளங்கும் என்பது படி. பூட்டு பிறப்பைப் பார்க்கிறது, பிறப்பு மாறாது. படி முன் படித்ததைப் பார்க்கிறது, அது நாளையே மாறும். நன்னூலும் பாடம் சொல்லத் தகாதவர் என்று தள்ளும்போது களிமகன், சோம்பேறி, கர்வி, கள்வன் என்று பெரும்பாலும் நடத்தையைத்தான் எண்ணுகிறது. ஆசிரியருக்குச் சொன்ன குலத்தை வெட்டி எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். செயலி எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டுகிறது என்பதே உண்மையில்லை. என்னைப் போன்றவர்கள் படித்ததை எனக்குக் காட்டுவது என்றால், என்னைப் போன்றவர்கள் படிக்காததை எனக்கு மறைப்பது என்றும் பொருள். ஊரும் சாதியும் மதமும் படிப்பும் சேர்ந்துதான் ஒருவரின் பழைய வாசிப்பைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பழைய வாசிப்பை வைத்து அடுத்ததைத் தீர்மானித்தால், குலத்தைக் கேட்காமலே குலம் உள்ளே வந்துவிடுகிறது. பூட்டைக் கண்ணால் பார்க்க முடிந்த காலத்தில் அதை உடைக்க ஒரு ராமானுஜர் கிளம்ப முடிந்தது. இன்றைய பூட்டை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. கும்பகோணத்தில் ஒரு முதலியார் இருந்தார்; கன்னிவாடிக்கு எங்கே போவது? ஊருக்கு ஊர் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்க மாட்டார், இயந்திரமாவது வருகிறதே? உண்மைதான். ஆண்டுக்கொரு முறை திண்டுக்கல்லில் புத்தகத் திருவிழா நடக்கிறது. மற்ற நாட்களில் மலையடிவாரத்து வாசகருக்குச் செல்பேசிதான் கடை, அதுவே நூலகம். மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இல்லாவிட்டால் பல நூல்கள் அவர் கைக்கு வரப் போவதே இல்லை. எனவே இயந்திரம் வேண்டாம் என்பது என் கட்சி ஆகாது. எதற்கு இயந்திரம், எதற்கு ஆள் என்று பிரிப்பதில்தான் பிரச்சினை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. செயலிகள் எல்லாம் இரண்டாவது விதியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டவை. மூன்றாவது விதிப்படி பார்த்தால், பத்தாண்டாக யாரும் தொடாத நூலை எடுத்துக்கொண்டு, இதற்கு உரிய வாசகர் எங்கே என்று தேடிப் போக வேண்டும். அந்தத் தேடலுக்கு இயந்திரம் நன்றாக உதவும். கன்னிவாடியில் இருப்பவரையும் செண்பகனூரில் இருப்பவரையும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரையும் ஒரே நூலின் பக்கத்தில் அது கொண்டுவந்து சேர்க்கும். சேர்த்த பிறகு, ஏன் படிக்க வேண்டும் என்று சொல்வது ஆளின் வேலை. அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி நாம் நடத்திவரும் கிளை நூலகங்களில், பகுதி வாசகர்கள் ஒவ்வொருவரும் என்ன கேட்பார் என்று தெரிந்து வைத்திருக்கும் நூலகர்கள் இருக்கிறார்கள். எந்தப் புத்தகச் செயலியும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

பொழுதுபோக்காகப் படிப்பவரை ஏன் இப்படி வதைக்க வேண்டும் என்பது மூன்றாவது ஆட்சேபம். அவரை வதைக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு ஒரு துப்பறியும் கதை வேண்டும் என்பவருக்கு அதேபோல இன்னொன்றைக் கொடுப்பதில் ஒப்புமைக் கணக்கு கெட்டிக்காரத்தனமாகவே நடந்துகொள்கிறது, கொடுக்கட்டும். அதைக் கண்டடைதல் என்று பெயரிட்டு அழைப்பதைத்தான் மறுக்கிறேன். தெரிந்ததையே இன்னொரு முறை பெற்றுக்கொள்வது அது. கணக்குக்குள் கொஞ்சம் தற்செயலையும் கலந்துவிட்டால் போயிற்று என்று பொறியாளர்கள் சொல்வார்கள். சிலர் கலக்கவும் செய்கிறார்கள். ஆனால் தற்செயலாக வந்து விழும் புத்தகத்துக்குப் பின்னாலும் காரணம் சொல்ல ஆளில்லை. இராமசுவாமி முதலியார் தற்செயலாக ஒரு சுவடியை உருவிக் கொடுக்கவில்லை.

தமிழில் இனிமேல் புத்தகச் செயலி செய்யப் போகிறவர்களிடம் கேட்க என்னிடம் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதல் திரையில் எந்த வகைப் புத்தகங்கள் பிடிக்கும் என்று கேட்பதை நிறுத்துங்கள். எதை விளங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் வழிக்கும் கேட்போருக்கும் இடம் விடுங்கள். கிளை நூலகர்களையும் ஆசிரியர்களையும் தங்கள் பெயரோடு அதை நிரப்பச் சொல்லுங்கள், நிரப்புகிறவர்களுக்குக் கூலி கொடுங்கள். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, மறுக்கிறவர் முதலில் நூல் சொல்வதைத் தம் சொல்லில் நாலு வரி எழுதிய பிறகே மறுப்பை எழுத விடுங்கள். இப்படிச் செய்தால் பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கை குறையும், முதலீட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே இதைச் சந்தையிடம் விடாமல், நூலக வரி வாங்குகிற அரசின் பொது நூலகத் துறையே எடுத்துச் செய்வதுதான் முறை.